மடமும் மகுடமும்: எடியூரப்பா அரசியலில் சமயத்தின் பங்கு – ஒரு திறனாய்வு

தமிழில் 'இறை' என்ற சொல்லுக்குக் கடவுள் என்று ஒரு பொருள், அரசன் என்று ஒரு பொருள், அரசன் வாங்குகிற வரி என்றும் ஒரு பொருள் உண்டு. 'கோயில்' என்பது கோ இருக்கும் இல். அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் நம் முன்னோர் ஒரே பெயரை வைத்தார்கள். வள்ளுவப் பெருந்தகையும் அரசனைப் பற்றிய அதிகாரத்துக்கு 'இறைமாட்சி' என்றுதான் தலைப்பிட்டார். ஆகவே மதமும் ஆட்சியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துத் தமிழன் திடுக்கிட ஒன்றுமில்லை. ஒட்டிக் கிடப்பதால் யாருக்கு என்ன லாபம், யாருடைய வாய் அடைபடுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியை நாம் பிழைக்க வந்த மண்ணின் தலைவர் ஒருவரை வைத்துக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பி.எஸ். எடியூரப்பா. நான்கு முறை கருநாடக முதல்வராகப் பதவி ஏற்று, ஒரு முறை கூட முழுப் பதவிக் காலத்தை முடிக்காதவர். தென்னாட்டில் முதன்முதலாகப் பாரதிய ஜனதாவின் ஆட்சியை அமைத்தவர். ஊழல் புகாரில் சிறைக்குப் போய், பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டு, மறுபடியும் முதல்வர் ஆனவர். நம்ம ஆளுங்க பெரும்பாலும் 'அவர் பெரிய பக்திமான்' என்று ஒரு வரியிலோ, 'எல்லாம் ஓட்டுக்காகப் போட்ட வேஷம்' என்று இன்னொரு வரியிலோ அவரை முடித்துவிடுகிறார்கள். இரண்டும் சோம்பேறித்தனமான தீர்ப்பு என்பது என் எண்ணம்.

பீன்யாவிலிருந்து பிரியும் சாலைகள்

பீன்யா தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை, டூல் ரூம் என்று காலம் தள்ளியவன் நான். இங்கே ஒவ்வொரு ஷெட்டிலும் ஆயுத பூசை உண்டு. மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் உண்டு. மதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வருகிற ஜனங்கள் அல்ல நாம். எடியூரப்பாவைப் புரிந்துகொள்ள பீன்யா ஒரு நல்ல இடம். ஏனென்றால் நம் வாசலில் ஓடுகிற துமகூரு ரோட்டைப் பிடித்துப் போனாலே கருநாடக அரசியலின் புண்ணியத் தலங்கள் வரிசையாக வந்துவிடும்.

நேராகப் போனால், துமகூருவுக்குச் சற்று முன்பாகவே சித்தகங்கா மடம். நெலமங்கலத்தில் இடப்பக்கம் பிரிந்து ஹாசன் ரோட்டில் போனால், குணிகலைத் தாண்டி எடியூர். அங்கேதான் தோண்டத சித்தலிங்க யதியின் சமாதிக் கோயில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில், பெள்ளூர் பக்கம், ஒக்கலிகர்களின் ஆதிசுஞ்சனகிரி மடம். அதே ரோட்டில் ஹாசன், சக்லேஷ்பூர் என்று மலை இறங்கினால் தர்மஸ்தலம். முதல்வர் நாற்காலியில் உட்கார நினைக்கிற எவரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த ரோட்டில் போய்வராமல் இருந்ததில்லை.

எடியூரப்பாவின் பெயரே இந்த ரோட்டில்தான் பிறந்தது. 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று மண்டியா மாவட்டம் பூகனகெரேயில் பிறந்தவருக்கு எடியூர் சித்தலிங்கேசுவரரின் நினைவாகத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். அது லிங்காயத்து மரபின் பெரிய ஞானி ஒருவரின் பெயர். பிற்காலத்தில், 2007 வாக்கில், சோதிடர்கள் சொன்னார்கள் என்று ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை இரட்டித்துக்கொண்டார். 2019இல் நான்காவது முறை பதவிக்கு வரும்போது பழைய எழுத்துக்கூட்டுக்கே திரும்பினார். ஞானியின் பெயரைத் தாங்கியவர் எண்சோதிடத்துக்காக அதைத் திருத்திக்கொண்டது சின்ன விஷயம்தான். ஆனால் அவருடைய சமயத்தில் எத்தனை அடுக்குகள் இருந்தன என்பதை அது காட்டிவிடுகிறது.

மூன்று வகை உறவு

அந்த அடுக்குகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். முதலாவது, தனி மனிதனின் பக்தி. அதில் பயமும் கலந்திருந்தது. இரண்டாவது, மடங்களோடு அவர் வைத்திருந்த கொடுக்கல் வாங்கல். மூன்றாவது, இளமையில் ஆர்.எஸ்.எஸ். ஷாகாவில் கற்று, கட்சி வழியாக வந்த இந்துத்துவக் கொள்கை. இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மத அரசியல்' என்று பெயர் வைத்துவிட்டால் மனிதர் பிடிபடமாட்டார். காரணம், இவை மூன்றும் ஒன்றை ஒன்று பல நேரம் இடித்துக்கொண்டன.

முதலில் பக்தி. கேரளத்தில் தளிப்பறம்பு ராஜராஜேசுவரர் கோயிலுக்கு அவர் பல முறை போயிருக்கிறார். செல்வி ஜெயலலிதாவும் 2001இல் அங்கே போய் வணங்கியவர்தான். 2011இன் தொடக்கத்தில், எதிரிகள் தன்மீது மாந்திரீகம் ஏவுகிறார்கள் என்று முதல்வராக இருந்துகொண்டே வெளிப்படையாகச் சொன்னார். நாடே சிரித்தது. ஆனால் சிரிப்பதற்கு நமக்கு அவ்வளவு யோக்கியதை இல்லை. பகுத்தறிவு பேசிய கட்சியிலிருந்து வந்த எம்.ஜி.ஆர். கொல்லூர் மூகாம்பிகைக்குத் தங்க வாள் கொடுத்தார் என்பதைப் பெருமையோடு சொல்கிறவர்கள் தானே நாம்? ஒருவர் எதற்கு அஞ்சுகிறார், எங்கே கும்பிடுகிறார் என்பது அவர் சொந்த விஷயம். அந்த அச்சம் அரசு வேலைக்குள் வரும்போதுதான் அது ஊர் விஷயம் ஆகிறது.

வேடிக்கை என்னவென்றால், மாந்திரீகம், மூடப் பழக்கங்களுக்கு எதிராக 2017இல் சித்தராமையா அரசு கொண்டுவந்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 சனவரியில். அப்போது முதல்வராக இருந்தவர் எடியூரப்பா.

தர்மஸ்தலத்தில் நடக்காத சத்தியம்

பக்தி ஊர் விஷயமான கதைக்கு 2011 சூன் மாதம் நல்ல எடுத்துக்காட்டு. எச்.டி. குமாரசாமி ஊழல் குற்றச்சாட்டுகளை அடுக்கிக்கொண்டே போனபோது, 'தர்மஸ்தலத்துக்கு வா, மஞ்சுநாதர் முன்னால் சத்தியம் பண்ணு' என்று எடியூரப்பா சவால் விட்டார். பத்திரிகைகளில் விளம்பரமே வந்தது. தர்மஸ்தலத்து ஆணை என்றால் கன்னட மக்கள் நடுங்குவார்கள். சிவன் கோயில், வைணவ அர்ச்சகர்கள், சமண சமயத்தைச் சேர்ந்த ஹெக்கடே குடும்பத்தின் நிருவாகம் என்று அமைந்த அந்தத் தலத்தில் பொய்ச் சத்தியம் பண்ணினால் வீடு விளங்காது என்பது நம்பிக்கை. நம் ஊரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2011 சூன் 27 அன்று இருவரும் போனார்கள். கும்பிட்டார்கள். சத்தியம் பண்ணாமல் திரும்பினார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, சூலை 27 அன்று, லோகாயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டேயின் சட்டவிரோதச் சுரங்க அறிக்கை வெளியானது. சூலை 31 அன்று எடியூரப்பா பதவி விலகினார். அக்டோபரில் வேறொரு வழக்கில் பரப்பன அக்ரகாரச் சிறைக்குப் போனார்.

இங்கே என் விமர்சனம் இதுதான். சட்டமன்றம் இருக்கிறது, லோகாயுக்தா இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு முதலமைச்சர் தெய்வத்தின் முன்னால் தீர்த்துக்கொள்வோம் என்று கூப்பிட்டால், அது மேல்கோர்ட்டைக் காட்டிக் கீழ்க்கோர்ட்டைத் தள்ளிவைக்கிற தந்திரம். தெய்வம் சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்காது, ஆவணம் கேட்காது. கடைசியில் என்ன ஆயிற்று? 2016 அக்டோபரில் சுரங்க நிறுவனப் பணம் தொடர்பான வழக்கில் அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னது பெங்களூரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம். மஞ்சுநாதர் சன்னிதியில் கிடைக்காத விடுதலை, அவர் தள்ளிவைக்கப் பார்த்த சட்டத்தின் வழியாகத்தான் அவருக்கே கிடைத்தது. அவருடைய ஆதரவாளர்களும் எதிராளிகளும் ஒருசேர மறந்துவிடுகிற பாடம் இது.

மடத்துக்குக் கொடுத்ததும் மடத்திடம் எடுத்ததும்

இரண்டாவது உறவு மடங்களோடு. இதைப் பேசும்போது தமிழ்நாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் அறநிலையத்துறை மூலம் அரசாங்கம் கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கருநாடகத்தில் கோயில்கள் முசராய் இலாகாவின் கீழ் இருந்தாலும் மடங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. தனியாகச் சொத்து, பள்ளிக்கூடம், பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, விடுதி என்று அவை ஒரு சின்ன அரசாங்கமாகவே இயங்குகின்றன.

சும்மா சொல்லக் கூடாது. அந்த மடங்கள் செய்த வேலை கொஞ்சநஞ்சம் அல்ல. சித்தகங்கா மடத்தின் சிவகுமார சுவாமிகள் 2019 சனவரி 21 அன்று 111 வயதில் மறைந்தார். சாதி மதம் பார்க்காமல் ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகளுக்கு அந்த மடத்தில் சோறும் படிப்பும் இருப்பிடமும் கிடைத்துவந்தன. என்னோடு வேலை பார்த்த கன்னட நண்பர் ஒருவர் அங்கே படித்தவர். "மட்ட இல்லாந்திரே நானு குரி காய்தித்தே" (மடம் மட்டும் இல்லையென்றால் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பேன்) என்பார். அவரிடம் போய் 'மடம் என்பது மூடநம்பிக்கை' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டாத இடத்தில் மடம் கட்டியது. அந்த நன்றி ஓட்டாக மாறும்போது அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

எடியூரப்பா இந்த மடங்களின் பக்தராகவும் இருந்தார், புரவலராகவும் மாறினார். 2008 மே 30 அன்று, கடவுள் பெயராலும் விவசாயிகள் பெயராலும் உறுதி எடுத்துப் பதவி ஏற்றார். அடுத்து வந்த பட்ஜெட்டுகளில் மடங்களின் பெயரைச் சொல்லியே கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கப்பட்டது. லிங்காயத்து மடங்களுக்கு மட்டும் அல்ல. ஒக்கலிகர், குருபர், தலித், பிற்பட்டோர் மடங்களுக்கும் கிடைத்தது. பின்னால் வந்த அரசுகளும் அந்த வழக்கத்தை முற்றாக விட்டுவிடவில்லை.

'பொதுப் பணத்தைச் சாமியாருக்குக் கொடுக்கலாமா' என்று கேட்பது எளிது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வைத்து, தவறு செய்யும்போது இடித்துச் சொல்லும் பெரியவர்கள் அரசனுக்கு வேண்டும் என்கிறார். துறவிக்கு அரசியலில் ஏதாவது வேலை உண்டென்றால் அது இதுதான். பெற்றுக்கொள்ள ஒன்றுமில்லாதவனால்தான் இடித்துரைக்க முடியும். பட்ஜெட்டில் பெயர் வந்துவிட்ட மடம் எப்படி இடித்துரைக்கும்? 2010, 2011இல் நில விவகாரமும் சுரங்க விவகாரமும் நாறியபோது, பல மடாதிபதிகள் அவர் பக்கமே நின்றார்கள். 2021 சூலையில், மேலிடம் அவரை மாற்றப்போகிறது என்ற செய்தி வந்ததும், கூட்டம் கூட்டமாகக் காவியுடைத் துறவிகள் முதல்வர் இல்லத்துக்குப் போய் 'இவரை மாற்றாதே' என்றார்கள். கொரோனா இரண்டாம் அலையில் மக்கள் ஆக்சிசனுக்கு அலைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பற்றி அரசனிடம் கேட்க வேண்டியவர்கள், அரசனுக்காக டெல்லியிடம் கேட்டார்கள்.

மதம் அரசைக் கைப்பற்றிவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். எடியூரப்பா காலத்தில் நடந்தது தலைகீழ் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசுதான் மடத்தைக் கைப்பற்றியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் பிஜ்ஜள மன்னனின் அமைச்சராகவும் இருந்தார், சாதியை மீறிய மணத்தை ஆதரித்து அதே அரசாங்கத்தின் பகையையும் சம்பாதித்தார். அந்த மரபின் மடங்களுக்கு அந்த இரண்டாவது பாதி மறந்துபோனது.

மடம் சொன்னால் ஓட்டு விழுமா?

'மடாதிபதி கைகாட்டினால் லிங்காயத்து ஓட்டு அத்தனையும் விழும்' என்று நம்மவர்கள் டீக்கடையில் பேசுவதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1989இல் 224 இடங்களில் 178ஐக் காங்கிரசுக்கு வென்று தந்த வீரேந்திர பாட்டீல் ஒரு லிங்காயத்து. மறு ஆண்டே, உடல் நலமில்லாமல் இருந்தவரை நீக்குவதாகப் பெங்களூரு விமான நிலையத்தில் வைத்து ராஜீவ் காந்தி அறிவித்தார். அந்த அவமானத்தை அந்தச் சமூகம் மறக்கவில்லை. 2007 நவம்பரில் குமாரசாமியின் கட்சி சொன்னபடி ஆதரவு தராமல் ஏழே நாளில் எடியூரப்பாவை இறக்கியது. அடுத்த மே மாதம் அவர் கட்சிக்கு 110 இடங்கள் கிடைத்தன. 2018 மார்ச்சில் லிங்காயத்து மரபைத் தனி மதமாக ஏற்கச் சித்தராமையா அரசு பரிந்துரை செய்தபோது மடாதிபதிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். தேர்தலில் அது காங்கிரசுக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 2021இல் அத்தனை சாமியார்கள் போய்ச் சொல்லியும் சூலை 26 அன்று எடியூரப்பா கண்கலங்கிப் பதவி விலகினார். 2023 தேர்தலில் அவர் கட்சி 66 இடங்களோடு ஆட்சியை இழந்தது.

ஆக, ஓட்டை நகர்த்தியது பெரும்பாலும் 'நம்ம ஆளை அவமானப்படுத்திவிட்டார்கள்' என்ற மனக்குறை. மடம் அந்தக் குறையைச் சொல்லும் வாயாக இருந்தது. அதை உண்டாக்கிய கையாக இருக்கவில்லை.

கட்சிக் கொள்கையும் தலைப்பாகையும்

மூன்றாவது, இந்துத்துவம். 2008 செப்டம்பரில், அவர் பதவி ஏற்று நான்கு மாதம்கூட முடியாத நிலையில், மங்களூரு வட்டாரத்தில் கிறித்தவ தேவாலயங்கள் தாக்கப்பட்டன. முதல்வர் என்ற முறையில் அதன் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. பிறகு 2012இல் கட்சியை விட்டு விலகிக் கருநாடக ஜனதா பட்சம் தொடங்கியபோது, முசுலிம் வாக்குகள் வேண்டியிருந்தன. திப்பு சுல்தான் மாதிரித் தலைப்பாகையும் கையில் வாளுமாக அவர் நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 2014இல் தாய்க் கட்சிக்குத் திரும்பினார். 2019 சூலையில் நான்காம் முறை முதல்வரான சில நாட்களிலேயே திப்பு ஜெயந்தி அரசு விழாவை இரத்து செய்தார். 2020 டிசம்பரில் கடுமையான பசுவதைத் தடைச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

அவரைப் புகழ்கிறவர்கள், 'அவர் மத வெறியர் அல்ல, அனுசரித்துப் போகிறவர்' என்பார்கள். ஓரளவு உண்மை. பேச்சில் வெறுப்பைக் கக்குகிற தலைவர்கள் வரிசையில் அவரை வைக்க முடியாது. ஆனால் கேளுங்கள்: தலைப்பாகையை மாட்டுவதும் கழற்றுவதும் அவருக்கு ஒரு நாள் காரியம். அந்தத் தலைப்பாகைக்குச் சொந்தக்காரனுக்கு அது அப்படியா? பீன்யாவில் நம்மோடு மெஷின் ஓட்டுகிற முசுலிம் தோழருக்கும், ஞாயிற்றுக்கிழமை தாசரஹள்ளிப் பக்கம் செபத்துக்குப் போகிற நம் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்துக்கும், தலைவரின் 'அனுசரிப்பு' என்பது இந்த வருசம் பாதுகாப்பு, அடுத்த வருசம் பயம். கொள்கையில் பிடிவாதம் உள்ளவனையாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

வள்ளுவர் சிலையும் நாமும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. காவிரிக் கலவரம் கண்ட ஆண்டு அது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கலைஞர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். உடன் நின்று நடத்திக் கொடுத்தவர் எடியூரப்பா. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார். கடவுள் மறுப்பாளர் ஒருவரும் கோயில் கோயிலாகப் போகிறவர் ஒருவரும் சேர்ந்து செய்த காரியம். 2008 மார்ச்சில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தை எதிர்த்து நேரில் போய் நின்றவரும் இதே எடியூரப்பாதான் என்பதை நினைத்தால், அது துணிச்சலான காரியம்தான். நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். மடத்துக்குப் பட்ஜெட் எப்படியோ, நமக்குச் சிலை அப்படி ஆகிவிடலாம். 'நமக்கு வள்ளுவரைத் திறந்து தந்தவர், அவரைப் பற்றி எதற்கு வாய் திறப்பானேன்' என்று நம் மேடைகளில் ஒரு மௌனம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மடாதிபதிகளைக் குறை சொல்கிற நாம், அதே வரிசையில் பின்னால் நிற்கலாமா? சங்கத்துக்கு இடம் வேண்டும், தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், கலவரம் வந்தால் போலீஸ் வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள்தான் நாம். 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி நம் பீன்யாவை அடுத்த ஹெக்கனஹள்ளி வரை துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாளில், எந்தத் தலைவரின் தயவும் நம்மைக் காப்பதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள்தான் எங்கள் தெருவில் துணைக்கு நின்றார்கள். உரிமையாகக் கேட்பது வேறு, தயவாகப் பெறுவது வேறு. தயவாகப் பெற்றதை எப்போது வேண்டுமானாலும் மறுபடியும் துணி போட்டு மூடிவிடலாம்.

எடியூரப்பா பொய்யான பக்தர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பக்தி உண்மை, அதிலிருந்த பயமும் உண்மை. அவருடைய தவறு கும்பிட்டதில் இல்லை. தன்னைத் தட்டிக் கேட்கக்கூடியவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து அவர்களைக் கேட்காதவர்களாக ஆக்கியதில் இருக்கிறது. வாங்கிக்கொண்டவர்களுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு. இனி எந்தக் கட்சித் தலைவர் நம் சங்கத்து மேடைக்கு வந்தாலும், மாலை போட்ட கையோடு கோரிக்கை மனுவையும் நீட்டுவோம். அவர் செய்யத் தவறியதை அதே மேடையில் மரியாதையாகச் சொல்லியும் அனுப்புவோம். வள்ளுவர் சிலையை வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு அவர் சொன்னதில் இந்த ஒன்றையாவது செய்கிற கடமை இருக்கிறது.